விலைச்சீட்டு ஒட்டாத பாட்டு



'கலைஞனுக்குப் பெருமை விற்பதிலா, கொடுப்பதிலா?' இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் கேட்டார்: "பாட்டைச் சும்மா கொடுத்தா, பாடகன் வீட்டு அடுப்பு எப்படிங்க எரியும்?" நியாயமான கேள்வி. பதில் அமெரிக்காவில் இருக்கு.

கீத் கிரீன் என்று ஒரு பாடகர். 1953-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1965-இல், 11 வயசிலேயே, டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். நமக்கு அந்த வயசுல வாய்ப்பாடே ஒழுங்கா வரலை! (சிரிப்பு) ஆனால் எதிர்பார்த்த புகழ் வரவில்லை. வளர்ந்த பிறகு கிறிஸ்தவரானார். 1977-இல் ஸ்பேரோ நிறுவனம் அவருடைய முதல் பக்திப் பாடல் தொகுப்பை வெளியிட்டது. மறு ஆண்டே இரண்டாவது. நல்ல விற்பனை.

அங்கேதான் அவருக்கு உறுத்தல். 'காசில்லாதவன் காதுக்கு இந்தப் பாட்டு போக வேண்டாமா?' நிறுவனத்திடம் சொல்லி ஒப்பந்தத்திலிருந்து விலகினார். வீட்டை அடமானம் வைத்தார். நம்ம ஊர்ல பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டை அடகு வைப்போம்; இவர் பாட்டுக்கு வைத்தார்! மனைவி எப்படிச் சம்மதிச்சாங்க? அவங்க பேரே மெலடி. பேர்லயே பாட்டு இருக்கே! (கைதட்டல்)

1980-இல் புதிய தொகுப்பைத் தானே வெளியிட்டார். புகழ்பெற்ற பாப் டிலன் ஒரு பாட்டுக்கு மவுத் ஆர்கன் வாசித்த தொகுப்பு. விலை? 'முடிந்ததைக் கொடுங்கள். முடியாவிட்டால் சும்மா வாங்கிக்கொள்ளுங்கள்.'

நடுவர் அவர்களே, இப்போ கணக்குப் பார்ப்போம். 1982 மே மாதத்துக்குள் போன பிரதிகள் 2 லட்சத்துக்கும் மேல். இலவசமாகப் போனவை 61 ஆயிரம். அப்படியானால் பத்தில் மூன்றுதான் இலவசம்! மீதி ஏழுக்கு, விலை சொல்லாமலே காசு வந்தது. அடுப்பு எரிந்ததா இல்லையா? (பலத்த கைதட்டல்)

புலவன் பாடுவான், மன்னன் பரிசில் கொடுப்பான். அது நாம் படித்த இலக்கியம். இங்கே பாடியவனே கொடுத்தான். கேட்டவர்கள் மன்னர்களானார்கள்.

1982 ஜூலை 28. டெக்சாஸில் சிறு விமானம் ஒன்று விழுந்து 12 பேர் இறந்தார்கள். அவரும், அவருடைய இரண்டு குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவருக்கு வயது 28 தான்.

அந்த வீட்டில் அன்று அழுகை. ஆனால், கையில் காசில்லாத எத்தனையோ வீடுகளில் அந்தக் குரல் பாடிக்கொண்டுதானே இருந்திருக்கும்? விற்றவன் கணக்கு கல்லாவோடு முடியும். கொடுத்தவன் கணக்கு முடியவே முடியாது.