ஒரு குத்து, 33 வருஷம்



நம் கல்யாண் ஸ்டேஷன் வாசலை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் லோக்கல் வண்டி வந்து நிற்கும். வெளியே ரிக்‌ஷாக்கள் முட்டி மோதும். ஒன்றின் கண்ணாடி இன்னொன்றில் உரசும். உடனே இரண்டு பேரும் இறங்குவார்கள். சட்டையைப் பிடிப்பார்கள். "ஒரு அடிதானே" என்று நாமும் வேடிக்கை பார்ப்போம்.

அந்த ஒரு அடியைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

பஞ்சாபில் பாட்டியாலா என்று ஓர் ஊர். 1988 டிசம்பர் 27. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவும் அவர் நண்பரும் வந்த ஜிப்சி வண்டி நடுரோட்டில் நின்றது. காரில் வந்த 65 வயதுப் பெரியவர் ஒருவர் வழிவிடச் சொன்னார். பேச்சு முற்றியது. சித்து அவர் தலையில் ஒரு குத்து விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர் இறந்துவிட்டார்.

1999-இல் கீழ்க்கோர்ட் சித்துவை விடுவித்தது. 2006-இல் ஹைகோர்ட் மூன்று வருஷம் சிறை என்றது. 2018-இல் சுப்ரீம் கோர்ட், அந்தக் குத்தால்தான் சாவு என்று நிரூபணம் ஆகவில்லை என்றது. காயப்படுத்தியதற்கு 1,000 ரூபாய் அபராதம் போட்டது. இதற்குள் சித்து எம்.பி.யாகவும் மந்திரியாகவும் ஆகிவிட்டார். ஆனால் இறந்தவரின் குடும்பம் விடவில்லை. மறுபடி மனுப் போட்டார்கள். 2022 மே 19-இல் அதே சுப்ரீம் கோர்ட் ஒரு வருஷம் கடுங்காவல் விதித்தது. பலசாலியின் வெறும் கையும் ஆயுதம் ஆகலாம் என்றது. மறுநாள் சித்து சரணடைந்தார். 2023 ஏப்ரலில்தான் வெளியே வந்தார். நான் பிறக்கும் முன் விட்ட குத்து அது!

சரி, இப்போது சட்டம் என்ன? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. அடித்துக் காயப்படுத்தினால் ஒரு வருஷம் வரை சிறை. அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். அடிக்கவே வேண்டாம். பிறர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி தாறுமாறாக ஓட்டினாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு. லைசென்ஸும் பறிபோகலாம். லைசென்ஸ் போனால் ரிக்‌ஷாக்காரர் வீட்டில் அடுப்பு எரியுமா?

எதிராளி கை ஓங்கினால் என்ன செய்வது? விலகி நில்லுங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். அவர் வண்டி நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே!