சிறுநீரகம் காக்கும் சமநிலை



ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரி வழங்கியவர்கள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்த நான்கு மணி நேரத்தில் இயந்திரம் என்ன செய்கிறது என்று கேட்டால், “அழுக்கை எடுக்கிறது” என்பீர்கள். ஒரு மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதிதான். எடுப்பதோடு அது ஒன்றைத் திருப்பியும் தருகிறது.

நாம் உண்ணும் இறைச்சி, முட்டை போன்றவற்றின் புரதத்திலிருந்து உடலில் நாள்தோறும் அமிலம் உண்டாகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 70 மில்லிமோல். (எலுமிச்சம்பழத்தின் மீது வீண்பழி வேண்டாம். அதன் புளிப்பு உடலில் எரிந்து மூச்சோடு போய்விடும்.) ரத்தமோ பி.எச். அளவில் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நின்றாக வேண்டும். அமிலத்தைத் தணிப்பதில் முதன்மையானது ரத்தத்திலுள்ள பைகார்பனேட். தணிக்கத் தணிக்க அது செலவாகிக்கொண்டே போகும்.

இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதோடு சுமார் 4,300 மில்லிமோல் பைகார்பனேட்டும் நுண்குழல்களில் இறங்கிவிடுகிறது. குழலின் முதற்பகுதியிலுள்ள செல்கள் ஒரு சோடியம் அயனியை வாங்கிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் குழலுக்குள் தள்ளுகின்றன. பண்டமாற்றுதான்! அந்த ஹைட்ரஜன் பைகார்பனேட்டோடு கூடி நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. வாயு செல்லுக்குள் புகுந்து மறுபடியும் பைகார்பனேட்டாகி ரத்தத்தைச் சேர்கிறது. ஐந்தில் நான்கு பங்கு இங்கேயே மீட்கப்படுகிறது.

இனி, செலவானதை ஈடுகட்ட வேண்டுமே? சிறுநீரின் பி.எச். சுமார் 4.5க்குக் கீழே இறங்காது. அந்த அளவில் 70 மில்லிமோல் அமிலத்தைத் தனித்த ஹைட்ரஜனாகவே வெளியேற்றுவதென்றால் நாளொன்றுக்கு 2,000 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். ஒன்றரை லிட்டரில் காரியம் முடிவதற்குக் காரணம், அமோனியாவும் பாஸ்பேட்டும் ஹைட்ரஜனைச் சுமந்து செல்வதே. அமோனியாவைச் சிறுநீரகமே தயாரிக்கிறது. அமிலம் கூடினால் பல மடங்கு கூட்டியும் தயாரிக்கும். இப்படி வெளியேறும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனிக்கும் ஒரு புதிய பைகார்பனேட் ரத்தத்திற்குக் கிடைக்கிறது.

இனிப்புநீர் நோயாலோ ரத்தக் கொதிப்பாலோ சிறுநீரகம் நலிந்தால் இந்த அமோனியா குறைந்து அமிலம் தேங்குகிறது. வலியே தெரியாது. உடல் எலும்பிலுள்ள காரத்தை எடுத்துச் சமாளிக்கும்; தசையும் கரையும். இதற்கு நாங்கள் தரும் சோடியம் பைகார்பனேட் மாத்திரை வேறொன்றுமில்லை, ஆப்பச் சோடாதான். அதற்காக வீட்டில் நீங்களே கரைத்துக் குடித்துவிடாதீர்கள். சோடியம் கூடிக் கால் வீங்கும், மூச்சு முட்டும்.

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு அந்தப் பைகார்பனேட்டைத் தருவது சுத்திகரிப்புத் திரவம். வாரத்தில் மூன்று முறை கிடைப்பது அடுத்த முறை வரைதான் தாங்கும். தைப்பூசம், தீபாவளி என்று ஒரு முறையைத் தவறவிட்டால் அமிலம் ஏறும். பொட்டாசியமும் ஏறி இதயத்தை நிறுத்தக்கூடும். திருநாளன்று முறை வந்தால் மையத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி நாளை மாற்றிக் கேளுங்கள்.

வண்டிக் கூலி இல்லாமல் தவறவிடுவோரும் உண்டு. நன்கொடையாளர்கள் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.