தாதியின் பையும் குறிப்பேடும்

திருக்கோணமலையைப் பற்றிப் பேசுவோர் அதன் துறைமுகத்தின் ஆழத்தையும், அங்கு நங்கூரமிட்டு நின்ற கடற்படைகளையும் பற்றியே பெரும்பாலும் பேசுவர். அத்துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் தோளிலே ஒரு பையும் கையிலே ஒரு கொப்பியுமாக வீடு வீடாகச் செல்லும் பெண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி ஆகிய இடங்களில் அவரைக் குடும்பநல மாது என்பர். முதியவர்களுக்கு அவர் இன்றும் மருத்துவிச்சியம்மாதான். வைத்தியசாலையில் வெள்ளுடையில் நிற்பவர் தாதி. நோயாளிகளின் வாயில் அவர் ‘மிஸி’. இருவரது பயிற்சியும் வேறு, கடமையும் வேறு. ஆயினும், கண்டதைக் கண்டபொழுதே எழுதிவைத்தல் என்பது இருவர்க்கும் பொதுவான விதி.

குடும்பநல மாதின் பையிலே என்ன இருக்கும்? குருதியழுத்தம் பார்க்கும் கருவி, வயிற்றின் வளர்ச்சியை அளக்கும் நாடா, கருவிலுள்ள சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்க ஊதுகுழல் போன்றதொரு சிறு குழாய், சிறுநீர்ச் சோதனைத் தாள், இரும்புச்சத்து மாத்திரை, சவர்க்காரம். வீட்டிலேயே பிள்ளை பிறந்த காலத்தில் கொதிக்க வைத்த கத்தரிக்கோலும் தொப்புட்கொடி கட்டும் நூலும் பையின் முதன்மையான பொருள்களாக இருந்தன. இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளில் நிகழ்வதால் அவற்றுக்கு வேலை குறைந்துவிட்டது. குறையாதது கொப்பியின் சுமையே. ஒருவர் தலையில் இத்தனை பதிவேடுகளை ஏற்றுவது நியாயந்தானா என்பதை அதிகாரிகள் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

எனினும் அக்கொப்பிகளுள் ஒன்றை மட்டும் எவரும் குறை கூற இயலாது. கருவுற்ற தாயின் விவரங்கள் இரண்டு பிரதிகளாக எழுதப்படுகின்றன. ஒன்று தாயின் கையில் இருக்கும். மற்றொன்று குடும்பநல மாதிடம் இருக்கும். இவ்வேற்பாட்டின் அருமை இம்மாவட்டத்திலே நன்கு விளங்கும். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அவ்வூரிலிருந்து நகருக்கு வர விரும்பியவர் மிதவைப் படகை நம்ப வேண்டும். அன்றேல் நெடுந்தூரம் சுற்றி வர வேண்டும். நள்ளிரவில் நோவு கண்டபின் ஆபத்தை அறிந்து பயனில்லை. சென்ற மாதம் 110க்கு 70 ஆக இருந்த குருதியழுத்தம் இந்த மாதம் 130க்கு 85 ஆனது என்றால், தனியே பார்ப்பவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. இரண்டையும் அருகருகே எழுதி வைத்தவரே தாயின் வீங்கிய பாதங்களையும் பார்த்து, அவரை முன்கூட்டியே வைத்தியரிடம் அனுப்புவார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது கிண்ணியா வைத்தியசாலையும் தப்பவில்லை. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். உடுத்த துணியோடு ஓடிவந்த ஒரு கருவுற்ற பெண்ணின் கையில் அந்த அட்டை இருக்குமாயின், முன்பின் அறியாத ஊரிலுள்ள மாது அவரது முதற் பிரசவம் எவ்வாறு நிகழ்ந்தது, எந்தத் தடுப்பூசி ஏற்றப்பட்டது என்பனவற்றை ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்வார். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1,500 தாய்மார் மாண்டனர். 2010களில் அத்தொகை 40க்குக் கீழே இறங்கிற்று. மருந்தும் வைத்தியசாலையும் இதற்குப் பெருங் காரணங்கள். இந்த அட்டைக்கும் அதிலே பங்குண்டு.

இனி வைத்தியசாலைக்குள் வருவோம். தாதியின் சட்டைப் பையில் பேனா, சிறு கத்தரிக்கோல், மின்சூள், நாடியெண்ண ஒரு கடிகாரம். இவற்றுள் பேனா எத்துணை வலிமையுடையது என்பதை 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிண்ணியா கண்டது. டெங்குக் காய்ச்சல் அங்கே கடுமையாகப் பரவிய காலம் அது. அவ்வாண்டில் நாடு முழுவதிலும் 1,80,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர்.

டெங்கு வஞ்சகமான நோய். காய்ச்சல் விடும் வேளையிலேதான் அபாயம் தொடங்குகிறது. “மிஸி, பிள்ளைக்குச் சூடு இல்லை, வீட்டுக்குக் கொண்டு போகலாமா?” என்று தாய் கேட்பார். பிள்ளையும் எழுந்திருந்து பேசும். “பொறுங்க உம்மா, இன்னும் ஒரு நாள் பார்க்க வேணும்” என்று தாதி கூறுவது அவர் கையிலுள்ள அட்டவணையை நம்பித்தான். குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியும் அந்த ஒன்றிரண்டு நாட்களில் மணிக்கொரு முறை அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். 110க்கு 70, இடைவெளி 40. பின்னர் 105க்கு 75, இடைவெளி 30. பின்னர் 100க்கு 85, இடைவெளி 15. மேல் எண்ணை மட்டும் பார்த்தவர் கவலைப்பட மாட்டார். இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாயின் அதிர்ச்சி நிலை வந்துவிட்டது என்பது வைத்திய விதி. உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். சிறுநீரின் அளவும் குறிக்கப்படும். உட்சென்ற நீரும் குறிக்கப்படும். ஏனெனில் மிகுதியாக நீர் ஏற்றினும் அது நெஞ்சிலே தேங்கி மூச்சைத் திணறச் செய்யும். ஆதலால், தாய் அன்பினால் மறைவாகப் பருக்கிய ஒரு குவளை இளநீருங்கூடக் கணக்கிலே சேர வேண்டும். கடுஞ்சொல் கூறும் தாதியிடம் எந்தத் தாயும் அதைச் சொல்ல மாட்டார்.

குறிப்பெழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. “நோயாளி நலம்” என்று எழுதுவது எழுதாமைக்கு ஒப்பாகும். “இரவு 2 மணி, நாடி 112, கைகள் குளிர்ந்துள்ளன, 4 மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை” என்பதே குறிப்பு. பிழை நேர்ந்தால் அதை அழித்து மறைத்தல் ஆகாது. ஒரு கோடிட்டு வெட்டி, அருகே கையொப்பமிட வேண்டும். பார்க்காத நாடியை முன்கூட்டியே கட்டத்தில் நிரப்பி வைப்பது இத்தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். மற்றுமொரு சிக்கல் மொழி. நோயாளி தமிழிலே முறையிடுகிறார். தாதி சிங்களவராக இருக்கலாம். குறிப்போ ஆங்கிலச் சுருக்கெழுத்தில் அமைகிறது. “நெஞ்சு அடைக்கிறது” என்பதும் “நெஞ்சு எரிகிறது” என்பதும் ஒரே சொல்லாகி விட்டால் என்ன நேரும்! நல்ல தாதியர் ஐயம் வந்தால் மற்றொருவரை அழைத்து மறுபடியும் கேட்டறிந்து எழுதுவர். போர்க்கள வைத்தியசாலை மரணங்களை எண்ணி, 1858இல் அவற்றை வரைபடமாக்கிக் காட்டிய புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையாரும் எழுதி வைப்பதன் அருமையை அறிந்தவரே.

காலை 7 மணிக்கு இரவுத் தாதியின் கடமை முடிகிறது. அவரும் காலையில் வந்தவரும் கட்டில் கட்டிலாகச் செல்கின்றனர். உறக்கமின்மையால் கண் சிவந்தவர் ஒவ்வோர் அட்டவணையையும் வாசித்துக் காட்டுகிறார். ஒரு சிறுவனின் கட்டிலருகே சற்று நிற்கின்றனர். 3 மணிக்கு இடைவெளி 20, வைத்தியர் வந்தார், நீர் ஏற்றப்பட்டது. 6 மணிக்கு இடைவெளி 35. சிறுநீர் போதிய அளவு. வந்தவர் சிறுவனின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார், வெதுவெதுப்பாயிருக்கிறது. பேனாவை எடுத்து, அடுத்த வரியில் 7 மணி என்று எழுதுகிறார்.