கல்லாவுக்குக் கணக்கு உண்டு, வீட்டுக்கு?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு 'சிக்கனமும் சேமிப்பும்'. இந்தத் தலைப்பில் ஒருவர் பேச எழுந்தாலே பாதிப்பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆ மேடைகளில் நீங்கள் கேட்காத உபதேசமா? ஆகவே உபதேசத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நாம் கணக்குப் பேசுவோம். நம்மில் பெரும்பாலோர் கணக்குத் தெரிந்தவர்கள்தாமே!

2020 மார்ச் 25ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகை, மருந்து, காய்கறி தவிர மற்றக் கடைகளின் ஷட்டர் எல்லாம் கீழே இறங்கின. ஜவுளிக்கடை, செருப்புக்கடை, ஃபேன்சி கடை, பாத்திரக்கடை என்று நம் சமுதாயம் அதிகமாகக் கைவைத்திருக்கும் தொழில்கள்தாம் முதலில் முடங்கின. அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் மே 25. பெருநாளுக்கென்று கொள்முதல் செய்த சரக்கு மூட்டை பிரிக்கப்படாமலே கிடந்தது. அப்போது வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத ஓர் உண்மை பல வீடுகளில் தெரிந்தது. பத்து லட்சம், இருபது லட்சம் ரூபாய் சரக்கு வைத்திருந்த முதலாளியின் வீட்டில் இரண்டு மாதச் செலவுக்கு ரொக்கம் இல்லை. நகை அடகுக்குப் போனது. வட்டியே வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று வாழ்ந்த மனிதர்கள் அடகுக்கடை வாசலில் நின்றார்கள்.

இன்று கல்லாவில் ஒரு பைசாவும் விழாமல் போனால் உங்கள் வீடு எத்தனை மாதம் ஓடும்? இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லக் கூடியவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? கடையின் இருப்பு தெரியும், வரவேண்டிய பாக்கி தெரியும், கொடுக்க வேண்டியதும் தெரியும். வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் மட்டும், "அது ஒரு முப்பது, நாற்பது ஆகும்" என்கிறோம். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, சகோதரர்களே! கடையில் ஒரு பையன் கணக்கில் பத்தாயிரம் முன்பின்னாகச் சொன்னால் விட்டு வைப்போமா?

இதற்குக் காரணம், கல்லாப்பெட்டியும் சட்டைப் பையும் நமக்கு ஒன்றாகவே இருப்பதுதான். மகன் வந்து பெட்ரோலுக்குக் கேட்டால் கல்லாவிலிருந்து இருநூறு. விருந்தாளி வந்தால் பிரியாணிக்குக் கல்லாவிலிருந்து ஐந்நூறு. வீட்டிலிருந்து போன் வந்தால் கடைப் பையன் கையில் ஒரு தொகை. எதுவும் எழுதப்படுவதில்லை. நம் கடைச் சாமானையே வீட்டுக்கு எடுத்துப் போனால் அது செலவாகவே தோன்றுவதில்லை. ஆனால் அந்தச் சரக்கையும் மொத்த வியாபாரியிடம் பணம் கொடுத்துத்தானே வாங்கினோம்?

எழுதப்படாமல் கல்லாவிலிருந்து நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 73,000 ரூபாய். இதை வியாபாரக் கண்ணோடு பாருங்கள். செலவெல்லாம் போக நூற்றுக்குப் பத்து ரூபாய் நிற்கும் கடை என்றால், அந்த இருநூறை ஈட்ட இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்றாக வேண்டும். ஆண்டுக்கு ஏழு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வியாபாரம்! அவ்வளவு வியாபாரத்தைக் கூட்டுவதற்கு எத்தனை வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், எத்தனை நாள் கூடுதலாகக் கடை திறக்க வேண்டும்? ஓட்டையை அடைத்தால் அதே பணம் உட்கார்ந்த இடத்தில் வந்துவிடுகிறது. மளிகை போன்ற லாபம் குறைந்த தொழில்களில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக வரும்.

ஆகவே என் முதல் யோசனை இதுதான். உங்கள் கடையில் நீங்களே ஒரு சம்பளக்காரர் ஆகிவிடுங்கள். மாதம் முதல் தேதி ஒரு தொகையை வீட்டுச் செலவுக்கென்று எடுத்து, 'முதலாளி பற்று' என்று பேரேட்டில் எழுதி, வீட்டில் ஒப்படைத்துவிடுங்கள். பிறகு மாதம் முடியும் வரை கல்லாவில் கை வைக்கக் கூடாது. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சாமானுக்கும் கொள்முதல் விலையில் சிட்டை போடுங்கள். நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ஜகாத் கணக்குப் பார்ப்பதற்காக ஆண்டுக்கு ஒரு தடவையாவது இருப்பு எடுக்கிறோம். நாற்பதில் ஒன்று என்று பிரிக்கிறோம். அந்தப் பழக்கத்தை மாதந்தோறும் வீட்டுக்கும் கொண்டுவந்தால் போதும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிக்கனம் என்று பேச்செடுத்தால் உடனே ஆண்கள் எல்லோரும் வீட்டுப் பெண்களைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். நான் அறிந்தவரை, கையில் ஒரு தொகையைக் கொடுத்து "இதுதான் இந்த மாதத்துக்கு" என்று சொல்லிவிட்டால் அதை நம் தாய்மார்களைப் போல நிர்வகிக்கிறவர்கள் கிடையாது. எலும்பையும் பருப்பையும் கத்தரிக்காயையும் சேர்த்துத் தால்ச்சா என்று ஒன்றை ஆக்கி ஊருக்கே விருந்து வைத்த கைகள் அவை! என்ன வருகிறது, எவ்வளவு போகிறது என்று அவர்களிடம் சொல்வதே இல்லை. பிறகு எதை வைத்து அவர்கள் சிக்கனம் செய்வார்கள்?

இளைஞர்களே, உங்களிடம் வருகிறேன். 2016இல் யு.பி.ஐ. வந்தது. நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் நூறு ரூபாய் நோட்டை மாற்றும்போது மனதில் ஒரு சுருக் இருந்தது. இப்போது ஒரு 'டிங்' சத்தம் மட்டும்தான். டீ இருபது, பஜ்ஜி முப்பது, இரவு பதினொரு மணிக்கு ஷவர்மா நூற்றைம்பது. அந்தச் செயலியிலேயே சென்ற மாதத்துப் பட்டியல் முழுவதும் இருக்கிறது. அதை ஒரு தாளில் இறக்கி, நீங்களே சிவப்பு மையால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவதைக்கூட மிச்சப்படுத்தித் தந்திருக்கிறது அந்தச் செயலி. பார்க்கத்தான் ஆளில்லை.

அடுத்தது தவணை. 'வட்டியில்லாத் தவணை' என்று விளம்பரம் வந்ததும், வட்டி இல்லை என்ற சொல்லைக் கேட்டு நம் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு புதிய செல்போனை வாங்கிவிடுகிறார்கள். பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயர்களில் வசூலிக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காது. செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று சேரும். கடைக்காரரிடம், "முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. பெயர் எதுவாக இருந்தால் என்ன?

வீட்டுச் செலவில் எங்கே குறைக்கலாம் என்றால், எல்லாவற்றையும் பட்டியல் போட எனக்கு நேரமில்லை. மின்சாரத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பலருக்குத் தெரியாத ஒரு படி இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் மாற்றியமைத்த கட்டணப்படி 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் வந்தது. 510 யூனிட் ஓடிய வீட்டுக்கு எவ்வளவு தெரியுமா? 2,030 ரூபாய். வெறும் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! காரணம், 500ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளில் தந்த சலுகையும் பறிபோகிறது. பிறகு 2024 ஜூலையிலும் கட்டணம் மாறியது. ஆகவே இப்போதைய விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு படியைத் தாண்டுவதற்கு முன் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் எப்போதும் லாபம்தான். கணக்கெடுத்த நாளைக் காலண்டரில் குறித்து, ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் சுதாரித்துக்கொள்ள இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

பழைய கூரை மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. என்று இப்போது வரும் விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன. அதே நேரத்துக்கு 27 யூனிட். விலை கூடத்தான். ஆனால் படியின் விளிம்பில் நிற்கும் வீட்டில் இரண்டு விசிறிகளை மாற்றினாலே 80 யூனிட் இறங்குகிறது. எல்லா வீட்டுக்கும் இது தேவையில்லை. 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டில் பழைய விசிறி கெட்டுப்போகும் வரை ஓடட்டும்.

சமையலறைக்கு இரண்டு வார்த்தை. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது, ஆணம் கொதித்ததும் மூடி போட்டுத் தீயைக் குறைப்பது போன்றவை பெண்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியவை அல்ல. காய்கறி வாங்குவது பெரும்பாலும் நம் வேலை. அங்கேதான் கோட்டை விடுகிறோம். உழவர் சந்தை 1999இல் மதுரையில் தொடங்கி ஊர்தோறும் வந்தது. விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். சுபுஹு தொழுதுவிட்டு நேரே போனால் வேலை முடிந்தது. தூக்கத்தை விட முடியாதவர்கள் தெருமுனைக் கடையில் கூடுதல் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வணிகர்களுக்கு இன்னொரு செய்தி நினைவிருக்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பொட்டல அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே சந்தையில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது! ஐந்து சதவீதத்தை மிச்சப்படுத்த ஒரு கிலோ கூட்டிக் கட்டத் தெரிந்தவர்கள் நம் வியாபாரிகள். அந்தக் கூர்மை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி விடப்படுவதுதான் எனக்கு வியப்பு.

ரமலானைப் பற்றிச் சொன்னால் சிலர் கோபிப்பீர்கள். பகல் முழுவதும் அடுப்பு எரியாத மாதத்தில்தான் வீட்டுச் செலவு ஏறுகிறது. சமோசா, கட்லட், ஜூஸ், பாலூதா. பள்ளிவாசல் கஞ்சியோடு ஒரு பேரீச்சம்பழம் போதாதா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஆசைப்படட்டும். ஆனால் தஸ்தர்கானில் மீதமாகி சஹருக்கும் ஆகாமல் குப்பைக்குப் போவது எவ்வளவு என்று ஒரு வாரம் மட்டும் பாருங்கள்.

இனி மிச்சப்படுத்திய பணத்தை எங்கே வைப்பது? இதில்தான் நம் சமுதாயம் அதிகமாக அடிபட்டிருக்கிறது. வங்கி வட்டி வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தையே மூலதனமாக வைத்துப் பலர் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். 'ஹலால் முதலீடு' என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம், ஓய்வூதியப் பணம் எல்லாம் அதில் இருந்தன. தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பணம் எந்தத் தொழிலில் போடப்படுகிறது, தணிக்கை செய்த கணக்கு எங்கே, எந்த அரசு அமைப்பில் பதிவு என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கிராமத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய், திரும்பி வந்து வறுமையில் விழுந்தார்கள். உங்கு அப்துல் அஜீஸ் என்ற பொருளாதார அறிஞர் 1959இல் இதற்கொரு திட்டம் எழுதிக் கொடுத்தார். சிறுகச் சிறுகச் சேமிக்க வட்டியில்லா அமைப்பு ஒன்று வேண்டும் என்றார். 1963இல் ஆயிரத்துச் சொச்சம் பேரோடு அது செயல்படத் தொடங்கியது. அதுதான் இன்று 'தாபூங் ஹாஜி' என்ற பெயரில் லட்சக்கணக்கானோர் பணம் போட்டிருக்கும் பெரிய நிறுவனம். தோட்டங்களிலும் கட்டடங்களிலும் முதலீடு செய்து வரும் லாபத்தைப் பங்கிடுகிறது. அதற்கும் நெருக்கடி வந்தது. 2018இல் அரசு தலையிட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. சட்டமும் அரசும் பின்னால் நின்றதால் அங்கே மக்கள் பணம் பிழைத்தது.

நம் ஊர்களில் பைத்துல்மால்கள் இருக்கின்றன. வட்டியில்லாக் கடன் தரும் சங்கங்கள் சில ஊர்களில் நன்றாகவே நடக்கின்றன. கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் அமைப்பாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அவசரத்துக்கான பணத்தை மட்டும் வங்கியிலேயே வையுங்கள். நடப்புக் கணக்கில் வட்டி சேராது. குறைந்தபட்ச இருப்பு, கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடும் இருக்கிறது. தங்கமாகச் சேர்ப்பதாக இருந்தால் காசாக வாங்குங்கள். நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. குமர் காரியத்துக்கு நகை வேண்டுமென்றால் அந்த நேரத்தில் காசைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். முதலில் மூன்று மாத வீட்டுச் செலவு. அதைக் கடை முதலில் சேர்க்கக் கூடாது, கடனாகக் கொடுக்கக் கூடாது, பெருநாள் சரக்குக்கு எடுக்கக் கூடாது. அந்தத் தொகை சேர்ந்த பிறகு கடை விரிவாக்கம், வீடு, உம்ரா எல்லாவற்றையும் பேசுவோம். வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் மூன்றை ஆறாக்கிக்கொள்ள வேண்டும். 1990இல் குவைத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர்களை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறோம்.

அந்த மூன்று மாதத் தொகை எவ்வளவு என்று தெரிய, முதலில் ஒரு மாதத் தொகை தெரிய வேண்டும். வாசலில் நம் இளைஞர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் தருவார்கள். விலை பதினைந்து ரூபாய். இலவசமாகத் தர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதல் பக்கத்தில் அந்தப் பதினைந்து ரூபாயை எழுதித் தொடங்குங்கள்.