விடுமுறையும் கடமையும்



விடுமுறை என்னும் சொல்லைப் பிரித்தால் ‘விடு’ என்றும் ‘முறை’ என்றும் நிற்கும். அந்நாளில் தொழிலை விடுகின்றோம், முறையையும் விட்டுவிடலாகாது. நாட்டின் பொது நாட்கள் ஒவ்வொன்றும் ஒரு கடமையைச் சுமந்தே வருகின்றன.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. எனினும் பிரித்தானிய முடியின் தொடர்பு 1972 மே 22ஆம் நாள்தான் அற்றது. குடியரசு தினமெனக் கொண்டாடப்பெற்ற அந்நாள் இன்று விடுமுறைப் பட்டியலில் இல்லை. ஆணையால் பிறந்த விடுமுறை ஆணையாலே மறையவும் கூடும். மறையாது நிற்க வேண்டியது அதன் பொருள்.

ஓர் இனத்தாருக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டம் ஆகாதென்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு விதித்தது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அப்பிரிவு இடம்பெறவில்லை. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்பது 1987இல்தான் அரசியலமைப்பில் ஏறிற்று. ஆகவே, சுதந்திரம் ஒரே நாளில் வந்து நிறைந்த பொருளன்று. அயலானுக்குரிய உரிமை அவனுக்குக் கிட்டியதா என்று வினவுவதே அந்நாளின் கடமையாகும்.

விடுமுறை வழங்கப்பெறாத ஒரு நாளும் நமக்குண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். அன்று கடல் பொங்கி வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்துணை இழக்கவில்லை. 2005 முதல் அந்நாள் தேசிய பாதுகாப்பு தினமாக அனுட்டிக்கப்படுகிறது. காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடு முழுவதும் மௌனம் காக்கிறது.

மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இன்று பள்ளி செல்லும் பிள்ளைகள் அவ்வலைக்குப் பின் பிறந்தவர்கள். காரணம் அறியாதார்க்கு மௌனம் வெறும் மௌனமே. துயரை நினைப்பதோடு நில்லாமல், காக்கும் வழியையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று நிலம் நடுங்கியது தொலைவில், சுமாத்திராவுக்கு அப்பால். நம் கரையில் பலர் அதனை உணரவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை வந்தது. எனவே, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கச் செல்லாதே; மேற்கு நோக்கி ஓடு. முதலலை வடிந்ததென்று பொருளெடுக்கத் திரும்பாதே. அடுத்த அலை அதனினும் பெரிதாகலாம். இத்துணையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

நேயர்களே, கொடியேற்றும் நாளாயினும் மௌனம் காக்கும் நாளாயினும், வீட்டுக்கு ஒரு பெரியவர், ஒரு பிள்ளையை அருகழைத்து, அந்நாள் ஏன் வந்தது என்று கூறுவாராக. நாட்காட்டி நாளைக் காட்டும். பொருளைக் காட்ட வேண்டியவர் நாமே.