சிறு பொட்டலமும் சீரான வரியும்



ஒரு நாள் வகுப்பில் வரிகளின் இயல்பைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, ஒருவர் இணையத்தின் வழியாக அயல்நாட்டுக் கடையில் பத்து டாலருக்கு ஒரு பொம்மை வாங்குகிறார். அதற்குரிய விற்பனை வரி ஒரு டாலர். அந்த ஒரு டாலரை விட்டுவிட்டால் அரசாங்கம் ஏழையாகிவிடுமா?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். நல்ல வேளையாக அப்போது மணி அடித்தது. அன்று கூறாமல் தப்பிய விடையை இன்று உங்கள் அனைவருக்கும் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சுங்கவரி வேறு, விற்பனை வரி வேறு. அயல்நாட்டுப் பொருளுக்கு மட்டும் விதிக்கப்படுவது சுங்கவரி. விற்பனை வரியோ, பொருள் எங்கே செய்யப்பட்டதாயினும், அதனை வாங்கி நுகர்வோர்மீது விழுவது. அதனைச் செலுத்துபவர் வாங்குபவர். திரட்டி அரசிடம் ஒப்படைப்பவர் விற்பவர். உள்ளூர்க் கடைக்காரர் அரசின் சம்பளம் பெறாத வரித் தண்டலாளராக இருந்து இவ்வேலையைச் செய்கிறார். ஆனால் விற்பவர் கடல் கடந்து இருப்பாராயின், வரியைத் திரட்டுபவர் யார்? இங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

பண்டைய வழக்கப்படி அவ்வேலை சுங்க அதிகாரியைச் சேர்ந்தது. பார்சல் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ வந்து இறங்குகிறது. அதனைத் தடுத்து வைக்க வேண்டும். உள்ளிருக்கும் பொருளையும் விலையையும் அறிய வேண்டும். வரியைக் கணக்கிட்டு, உரியவருக்கு அறிவித்து, பணம் வரும்வரை பொருளைக் காக்க வேண்டும். ஒரு டாலர் வரிக்காக இவ்வளவும் செய்தால் செலவு வரவை விழுங்கிவிடும் என்பது வெளிப்படை. ஆகவேதான் பல நாடுகள் ஒரு விலை வரம்பை வகுத்து, அதற்கு உட்பட்ட பொருள்களை வரியின்றி விட்டன. அற்பமானவற்றைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை என்னும் பழைய இலத்தீன் மரபுரை இவ்வழக்கத்துக்குத் துணை நின்றது.

1776-இல் ஆடம் ஸ்மித் தம் பெருநூலில் நல்ல வரிக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தார். அவை சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம் என்பன. சிறு பொட்டலத்துக்கு விலக்கு அளித்தோர் சிக்கனம் என்னும் இலக்கணத்தைப் போற்றினர். ஆயின், அதே வேளையில் சமத்துவம் என்னும் இலக்கணம் மெல்ல நழுவியது. தொடக்கத்தில் அதனை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனித்தவன் அல்லன். சிறு பொருளுக்கு வரி கேட்பது அற்பத்தனம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கால்வாய்த் தீவுகளின் வரலாற்றைப் படித்த பின்னரே என் கருத்து மாறியது. அதனை உங்களுக்குச் சிறிது விரிவாகக் கூறுகிறேன்.

பிரான்சின் நார்மண்டிக் கரைக்கு அருகே ஜெர்சி, கெர்ன்சி என்னும் தீவுகள் உள்ளன. அவை பிரிட்டிஷ் முடியரசைச் சார்ந்தவை. எனினும் பிரிட்டனின் மதிப்புக் கூட்டு வரி அங்கே செல்லாது. பிரிட்டனோ, 1983-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூக ஆணையை ஒட்டி, வெளியிலிருந்து வரும் சிறு பொருள்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்கு அளித்தது. அதன் வரம்பு 18 பவுன். தீவுகளில் மலர் வளர்ப்போர் அஞ்சலில் மலர்களை அனுப்புவதற்கு அது உதவியாக இருந்தது. யாருக்கும் கேடு இல்லை.

பின்னர் இணைய வாணிகம் வந்தது. இசைத் தட்டுகளும் திரைப்படத் தட்டுகளும் 18 பவுனுக்குக் குறைந்த விலையுடையவை, எடை குறைந்தவை, அஞ்சலில் அனுப்ப ஏற்றவை. வணிகர்கள் கணக்குப் போட்டனர். வரி நீங்கலாக 10 பவுன் விலையுள்ள ஓர் இசைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரி நூற்றுக்கு 20 என்றால் பிரிட்டனில் உள்ள கடைக்காரர் அதனை 12 பவுனுக்கு விற்க வேண்டும். தீவிலிருந்து அனுப்புபவர் 10 பவுனுக்கே விற்கலாம். ஆகவே பிரிட்டனிலிருந்து சரக்கு கப்பலேறித் தீவுக்குச் சென்றது. அங்கே உறையிலிடப்பட்டு, முகவரி ஒட்டப்பட்டு, மீண்டும் கடலைக் கடந்து பிரிட்டனுக்கே வந்தது! பொருளுக்கு இந்தப் பயணத்தால் யாதொரு பயனும் இல்லை. வரி ஒன்றே அதில் கழன்றுபோயிற்று. சிறு வணிகர்கள் மட்டுமன்றிப் பெருநிறுவனங்களும் இவ்வழியை நாடின.

பிரிட்டனின் தெருக்களில் இசைத் தட்டுக் கடை வைத்திருந்தோர் பலர் கடையை மூடினர். இணையத்தில் இசையை நேரடியாக இறக்கிக்கொள்ளும் வழக்கமும் அதற்கு ஒரு காரணமே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் நூற்றுக்கு 20 என்னும் பளுவைத் தலையில் சுமந்துகொண்டு, சுமையில்லாதவனோடு ஓடும் பந்தயத்தில் எந்தக் கடைக்காரர் வெல்ல முடியும்? அவர்களுடைய முறையீடு இறுதியில் செவியேறியது. 2011 நவம்பரில் வரம்பு 15 பவுனாகக் குறைக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 1 முதல் கால்வாய்த் தீவுகளுக்கு அவ்விலக்கே நீக்கப்பட்டது. தீவுகளின் அரசுகள் உயர் நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றன. தீவுகளில் அத்தொழிலை நம்பியிருந்த தொழிலாளர் பலர் வேலை இழந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. பிழையான சலுகைமீது எழுப்பிய மாளிகை இடியும்போது, அதில் குடியிருந்த எளியவரும் துன்புறுகின்றனர்.

விலக்கை நீக்குதல் எளிது; வரியைச் செலவின்றித் திரட்டுதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிய நாடு ஆஸ்திரேலியா. அங்கே 2000 ஜூலை 1 முதல் நூற்றுக்கு 10 வீதம் சரக்கு, சேவை வரி நடைமுறையில் உள்ளது. ஆயின், 1,000 டாலருக்கு உட்பட்ட அயல்நாட்டுப் பொருளுக்கு அவ்வரி இல்லாதிருந்தது. உள்நாட்டு வணிகர் குறை கூறினர். நுகர்வோர் பலர் வெகுண்டு, “உங்கள் விலை மிகுதியாக இருப்பதற்கு வரி ஒன்றா காரணம்?” என்று திருப்பிக் கேட்டனர். இரு பக்கத்திலும் ஓரளவு உண்மை இருந்தது. அந்நாட்டின் உற்பத்தித் திறன் ஆணையம் 2011-இல் இதனை ஆராய்ந்தது. கொள்கையளவில் சலுகை தவறே. ஆனால் அப்போதிருந்த சுங்க முறைப்படி வரம்பை முற்றும் நீக்கினால், கிடைப்பது ஏறத்தாழ 60 கோடி டாலர். அனைவருக்கும் ஆகும் செலவோ 200 கோடி டாலருக்கு மேல் என்று அது கணக்கிட்டது. சமத்துவத்துக்கும் சிக்கனத்துக்கும் இடையே உள்ள பூசலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

இப்பூசலைத் தீர்த்தது ஒரு சிறிய மாற்றம். பொட்டலத்தை நிறுத்தி வரி கேட்பதை விடுத்து, விற்பனை நிகழும் நொடியிலேயே வரி கேட்பது என்று முடிவு செய்தனர். 2017-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியரிடம் ஆண்டுக்கு 75,000 டாலர் அளவுக்கு விற்பனை செய்யும் அயல்நாட்டு வணிகர் அந்நாட்டு வரித்துறையில் பதிவு செய்துகொண்டு, விலையோடு வரியையும் பெற்றுச் செலுத்த வேண்டும். சிறு வணிகர் பலர் ஒரே இணையச் சந்தையில் விற்பார்களாயின், அச்சந்தையை நடத்துபவரே அனைவருக்கும் பொறுப்பாவார். பல்லாயிரம் வணிகரைத் துரத்துவதினும் சில பெரிய சந்தைகளை நாடுதல் எளிதன்றோ?

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அமேசான் நிறுவனம் தன் அமெரிக்கத் தளத்தின் கதவை ஆஸ்திரேலியருக்கு அடைத்தது. 2018 நவம்பரில் மீண்டும் திறந்தது. பின்னர் பிற நாடுகளும் இவ்வழியில் நடந்தன. நியூசிலாந்து 2019 டிசம்பர் 1 முதலும், பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதலும் இத்தகைய முறையை ஏற்றன. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர், 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் இதனை நடைமுறைப்படுத்தியது.

இம்முறை குறையற்றது என்று நான் கூறவில்லை. பதிவு செய்யாமல் மறைந்து விற்பவரைக் கடல் கடந்து பிடித்தல் அரிது. விலையைக் குறைத்துக் காட்டுவோரும் இருப்பர். நேர்மையானவர் வரி செலுத்த, மற்றவர் தப்பினால், பழைய அநீதி புதிய உருவில் திரும்பி வரும். ஆகவே சட்டத்தோடு கண்காணிப்பும் வேண்டும்.

இனி என் மாணவருடைய வினாவுக்கு வருகிறேன். ஒரு டாலரை விட்டுவிட்டால் அரசாங்கம் ஏழையாகிவிடாது. அவர் சொன்னது சரிதான். ஆனால் விட்டது ஒரு டாலர் அன்று, ஒரு வழி. அவ்வழியே ஒரு பொட்டலம் சென்றால் யாருக்கும் கவலையில்லை. இலட்சக்கணக்கில் சென்றால், தெருக்கோடியில் விளக்கேற்றிக் கடை நடத்துபவர், தாம் சட்டத்துக்கு அடங்கி நடந்ததற்கே தண்டனை பெறுகிறார். வரியின் அளவைவிட, அது எல்லோர்மீதும் ஒரே வகையாக விழுகிறதா என்பதே மக்களின் மனத்தில் நிற்பது. அடுத்த முறை நீங்கள் ஒரு பொருள் வாங்கும்போது, அந்தச் சீட்டின் அடியில் உள்ள வரி என்னும் வரியைச் சற்றே நின்று படியுங்கள். அதனை உங்களிடம் பெற்று அரசிடம் சேர்ப்பவர் யார் என்றும், அதே பொருளை வேறிடத்தில் விற்பவரும் அதனைச் சேர்க்கிறாரா என்றும் எண்ணிப் பாருங்கள். பொருளாதாரப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.