காட்டு அறிவுக்குக் கூலி எங்கே?

(யானைக்கவுனி தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

நாம் கூடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேதான் ராசப்ப செட்டித் தெரு. நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த தெரு. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. மூட்டை சுமக்கும் தோழரை நமக்குத் தெரியும். காட்டில் அதைப் பொறுக்கியவர் யார்? இன்ன நோய்க்கு இன்ன இலை என்று கண்டவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். அகத்தியமலையின் இருபுறமும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், காணிக்காரர் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1987-ல் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் சிலர் மலையேறினார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணிக்காரர்களோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டதற்கு முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை.

பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதன் இலையோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. 1995-ல் ஒரு கோயம்புத்தூர் மருந்துக் கம்பெனிக்கு 7 ஆண்டுகளுக்கு உரிமம் தரப்பட்டது. ரொக்கம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய். வருவதில் பாதி காணிக்காரருக்கு என்று நிலையம் முடிவு செய்தது. 1997-ல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று.

பாதியாவது கொடுத்தார்களே என்று உலகம் பாராட்டியது. பாராட்டலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். நூறு ரூபாய் விற்பனையில் காணிக்காரர் பங்கு 1 ரூபாய்! ஒப்பந்தம் போட்டவர்கள் நிலையமும் கம்பெனியும். விலை பேசிய இடத்தில் காணிக்காரர் ஒரு தரப்பாக இல்லை. செடி வளர்த்து இலை விற்கலாம் என்றால், செடி அழிந்துவிடும் என்று வனத்துறை குறுக்கே நின்றது.

மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லுகிறார் மில் தொழிலாளி. மண்ணைத் தொட்டே ஈரப்பதம் சொல்லுகிறார் விவசாயத் தொழிலாளி. எந்தப் பள்ளியில் படித்தார்கள்? உழைத்து உழைத்துச் சேர்த்த அறிவு அது. எது மருந்து, எது விஷம் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்ட காணிக்காரரின் அறிவும் உழைப்புத்தான்!

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறுவனப் பொருள்கள் மீதும் இந்தப் பாரம்பரிய அறிவு மீதும் அம்மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ஏட்டுச் சட்டம் அடுப்பெரிக்குமா? கிராமசபை கூட வேண்டும். விலையை அவர்களே பேச வேண்டும்.

தோழர்களே! மலைமக்கள் தருமம் கேட்கவில்லை, கூலி கேட்கிறார்கள். கூலிக்குப் போராடிய நமக்கு அது புரியும். அவர்கள் வன உரிமை கேட்டுக் கொடி பிடிக்கும் நாளில், இங்கே மூட்டை சுமக்கும் தோள்களும் அவர்களோடு நிற்க வேண்டும்.